பல்லில்லாத வெள்ளைப் பூனை

பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். தெருவில் பூனையக்கா. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்கிற பட்டறை அது. பழைய கட்டடம் ஒன்றின் மாடியில், ஜன்னலோரமாக நீண்ட மேஜை. யார் யாரோ வாயில் கடித்துக் கொடுத்த அச்சு வரும். அவள் ஜிப்சம் மாவைக் கரைத்து அதில் ஊற்றி, அந்த முகம் தெரியாத ஆளின் ஈறை வார்த்தெடுப்பாள். மெழுகை உருக்கி அதன்மேல் வளைவு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டே போவாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பல்லை வரிசை பிசகாமல் நட்டுவிட்டுப் பெருமையாக நிமிர்வார்கள். அவள் பார்த்துவிட்டு, "இது வாயா, குளியலறைச் சுவரா?" என்பாள். ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். அவ்வளவுதான், மெழுகுக்கு ஒரு மனுஷக்களை வந்துவிடும்.

நாக்கு கொஞ்சம் கூர்மை. அது அவளுக்கும் தெரியும். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் நெஞ்சுவலியில் போனபோது, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாளே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அப்போது மகன் படித்துக்கொண்டிருந்தான். அவனும் அப்படித்தான் நினைத்தான் என்பது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

மகன் ஏசி மெக்கானிக் ஆகி, கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போன வருஷம் பட்டறையில் ஒரு பூனைக்குட்டி மாவு மூட்டைக்குள் விழுந்து கிடந்தது. உடம்பெல்லாம் வெள்ளை. மாவைக் கழுவினால் என்ன நிறம் என்று தெரியும் என்று கழுவிப் பார்த்தார்கள். அடியிலும் வெள்ளைதான். பட்டறையே சிரித்தது. மாவு என்று பெயர் வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வயதாக ஆக அந்தப் பூனைக்கு ஈறெல்லாம் வெந்து புண்ணாகி, மிருக டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில் கடைசியில் வாயில் ஒரு பல் மிஞ்சவில்லை. அந்த ஆபரேஷன் அன்றைக்கு அவள் அழுதாள். டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அன்றைக்கென்று கூட வந்திருந்த மகன் பைக்கில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறீங்க, உங்க பூனைக்கு ஒரு செட் பண்ணிக் குடுக்கக் கூடாதா?" என்று பட்டறை ஓனர் கேலி பண்ணுவார். மீனை முள்ளெடுத்து, கூழாகக் கரைத்து, விரலில் தொட்டுத்தான் அதற்கு ஊட்டுவாள். பிறகு ஒரு காரின் எஞ்சினுக்குள்ளிருந்து எடுத்த கறுப்புக் குட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. அது கரிச்சட்டி. இரண்டும் வீட்டுப் பூனைகள். பின்கதவைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை.

பின்கதவுக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். குடியிருப்புக்கும் ஒரு கிடங்கின் நெட்டைச் சுவருக்கும் நடுவில் ஒடுக்கமான சந்து. குப்பைத் தொட்டிகள், தண்ணீர்க் குழாய்கள், உடைந்த கட்டில் சட்டம். அங்கே ஒரு பெருங்கூட்டம். வேலை முடிந்து வந்ததும் மீன்தலையும் சோறும் வேகவைத்து, ஆறவைத்து, தட்டுகளில் போட்டுச் சந்தில் வைப்பாள். இரும்புக் கூண்டு வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் குட்டி போடாதபடி ஆபரேஷன் பண்ணிக் கொண்டுவந்து விடுவாள். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக டாக்டர் காது நுனியில் துளி வெட்டிவிடுவார்.

கூண்டுக்குச் சிக்காதது ஒன்றே ஒன்று. பானை மாதிரித் தலையும் தடித்த கழுத்துமாக ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை. மற்றதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வேலை நடக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பதுபோல நடுவில் நடந்து வரும். பட்டறை ஓனரின் நடை அச்சு அசலாக அப்படித்தான். அதனால் அதற்கு முதலாளி என்று பெயர். ஒருமுறை சண்டையில் அதன் கன்னம் கிழிந்து, சீழ் வைத்து, புழு நெளிந்தது. கிட்டே விடாது, தொட்டால் கிழித்துவிடும். அவள் வாரக்கணக்கில் மருந்தைப் பொடி பண்ணி, ஈரலில் பொதிந்து, தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள். பிழைத்துக்கொண்டது. அதற்கு மட்டும் தனித் தட்டு, தனிப் பங்கு. "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பண்ணிருக்க மாட்டீங்க அக்கா" என்று மாடிவீட்டுக்காரி பால்கனியிலிருந்து சொல்வாள். விளையாட்டுக்குச் சொன்னது மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

மருமகளுக்கு முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தரித்தபோது டாக்டர், படி ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகன் குடியிருந்த வீடு நாலாவது மாடி, லிஃப்ட் ஓடுவதில்லை. "பிரசவம் வரைக்கும் உன் வீட்ல இருக்கட்டுமாம்மா?" என்று அவன் போனில் தயங்கிக் கேட்டபோது, அவள் அன்றைக்கே தன் அறையைக் காலி பண்ணினாள். மெத்தையை வெயிலில் போட்டாள். ஜன்னல் திரையைத் துவைத்தாள். பூனைகளின் மணல் தட்டைக் குளியலறையிலிருந்து சமையலறை மூலைக்கு மாற்றினாள். பட்டறையில் எல்லோரிடமும் சொன்னாள். அவள் அப்படி வலிய வந்து ஒரு சங்கதி சொல்லி யாரும் கேட்டதில்லை.

மருமகள் கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தவள், மெல்லிசான குரல். மகனும் கூடவே வந்து தங்கினான். வந்த புதிதில் மாமியாரும் மருமகளும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருநாள் மருமகள் அசந்து தூங்கும்போது மாவு கட்டிலில் ஏறி, கதகதப்புக்கு அவள் வயிற்றின்மேல் சுருண்டுகொண்டது. கண் விழித்தவள் வீறிட்டாள். அதற்கப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை. மாடிவீட்டுக்காரி இறங்கி வந்து, பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது என்று தன் பங்குக்கு ஏற்றிவிட்டுப் போனாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

மகன் சாயங்காலம் வந்து சமையலறை வாசலில் நின்றான். "ரெண்டையும் எங்கயாவது குடுத்துடும்மா."

"பல்லில்லாத கெழட்டுப் பூனைய யாருடா எடுப்பா? அறைக்கதவைச் சாத்தி வை, போதும். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். மணல் தட்டைத் தொடக் கூடாது, கைய கழுவிக்கணும், அவ்வளவுதானாம்."

"எந்த டாக்டர்?"

"பூனை டாக்டர்."

"என் பொண்டாட்டிக்குப் பூனை டாக்டர்கிட்ட கேட்டியா?"

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்ததாக அவள் நினைத்தாள்.

மறு வாரம் ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, காலில் வந்து உரச ஒன்றும் வரவில்லை. மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சோபாவில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சமையலறையில் மணல் தட்டு இல்லை. தரை துடைத்திருந்தது.

"பூனைங்க எங்கடா?"

"பின்னாடி விட்டிருக்கேன். மத்தியானம் சாப்பிட வந்தப்போ விட்டேன். அட்டைப்பெட்டி வச்சு, பழைய துண்டு போட்டுத்தான் விட்டேன். உன் கூட்டம் பூரா அங்கதானே இருக்கு, அதுங்களோட இருந்துட்டுப் போகுது. தெனமும் நீயே பாத்துக்கலாம்ல."

அவள் கையில் இருந்த பையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

சந்தில் சுவர் நெடுக வெள்ளை முடி கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தது. அட்டைப்பெட்டி கவிழ்ந்திருந்தது. கரிச்சட்டி ஜன்னல் மேல் தடுப்பில் ஏறி, வால் புடைத்து, கூப்பிட்டால் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. மாவு தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்தது. உயிர் இருந்தது. அதுதான் கொடுமை. வயிறு ஒரு பக்கம் திறந்துகிடந்தது, ஒரு கண் இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கடிக்க அதற்கு என்ன இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், தனக்கென்று வைத்திருந்த தட்டின் பக்கத்தில், முதலாளி உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, சாப்பாட்டு நேரமானால் செய்வதுபோல, சோம்பல் முறித்தது.

அவள் சேலைத் தலைப்பில் சுற்றி மிருக டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், தலைப்பை விரித்துப் பார்த்ததும் மூடிவிட்டாள். "தைக்கறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. சீக்கிரம் அனுப்பிடறதுதான் நல்லது." ஊசி போட்டதும் மாவின் தலை அவள் உள்ளங்கையில் கனத்தது. இந்தத் தடவை அவள் அழவில்லை.

திரும்பி வரும்போது மகன் வாசலிலேயே நின்றான். "அடிச்சுக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. எல்லாம் பூனைதானேன்னு நெனச்சேன். சத்தியமா தெரியாது." முகம் வெளிறியிருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. ஒருவேளை விஷயம் அங்கேயே நின்றிருக்கலாம். உள்ளே படுத்திருந்த மருமகள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்டுச்சு அத்தை" என்றாள். "அவரு வேலைக்குத் திரும்பிப் போனதுக்கப்புறம். ரொம்ப நேரம் கேட்டுச்சு. குழந்தை அழற மாதிரியே இருந்துச்சு. எந்திரிச்சுக் கதவைத் திறக்கலாம்னு பாத்தேன். பயமா இருந்துச்சு. தலகாணிய காதுல வச்சு அழுத்திக்கிட்டேன்."

மனசில் உறுத்தியதால்தான் அவள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 

பல்லக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளைப் பார்த்தாள். சேலையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. நிதானமாக, வேலைக்கு வந்த புதுப் பெண்ணிடம் தப்பைக் காட்டுகிற அதே குரலில் கேட்டாள்:

"போன தடவை பூனை இல்லையே. அப்போ அது ஏன் தங்கல?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கை வயிற்றுக்குப் போனது.

"உள்ள இருக்கறதுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மாமியார். "எந்த மாதிரி வயித்துல வந்து பொறக்கறோம்னு."

வீசிய கல்லையும் விட்ட வார்த்தையையும் திரும்ப எடுக்க முடியாது. அவளுக்குத் திரும்ப எடுக்கும் எண்ணமும் இல்லை. அவ்வளவு நாளும் உள்ளே கட்டிவைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மகன் கத்தவில்லை. அலமாரியைத் திறந்து மனைவியின் துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தான். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "அப்பா செத்தப்போ நீ அழல" என்றான். "இந்தப் பூனைக்குப் பல்லு புடுங்கினப்போ தெருவுல உக்காந்து அழுத. அன்னைக்கே எனக்கு உன்னைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்."

"இப்போ தெரிஞ்சிருச்சில்ல. கெளம்புங்க."

மகனும் வேலைக் கூட்டாளி ஒருவனும் மருமகளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தங்கள் வீட்டு நாலு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினார்களாம். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சுவரில் இடித்ததாம். மாடிவீட்டுக்காரி இதை எங்கிருந்தோ விசாரித்து வந்து சொன்னாள். அவள் சொல்லாத வீடும் தெருவில் இல்லை. ஒரு பூனைக்காக, வாயும் வயிறுமாக இருக்கிறவளை வெளியே தள்ளிய மாமியார் என்று ஊர் காறித் துப்பியது. மீன்காரன்கூட மீன்தலையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துத் தள்ளினான். அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த மீன்தலையைச் சந்துக்குப் போடவில்லை. சில நாட்கள் பின்கதவையே திறக்கவில்லை. பூனைகள் கதவைப் பிராண்டின, ஜன்னலுக்குக் கீழே கூடிக் கத்தின. உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் திரும்ப எடுத்து வைத்திருந்த கரிச்சட்டி அந்தச் சத்தம் வந்தாலே கட்டிலுக்கடியில் மூத்திரம் பெய்தது.

பிறகு ஒரு காலையில் கூண்டை எடுத்துச் சந்தில் வைத்து, உள்ளே முழு மீன் ஒன்றை வைத்தாள். வருஷக்கணக்கில் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, முகர்ந்துவிட்டு விலகிப் போகும் முதலாளி, அன்றைக்குப் பசியில் நேராக உள்ளே நடந்தது. கதவு விழுந்தது.

"இதை ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர்."

டாக்டர் கூண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களாம்மா இப்படிச் சொல்றது? நல்லா இருக்கற பூனைய நான் கொல்ல மாட்டேன். அதோட எடத்துல புதுசா ஒண்ணு வந்தா அது அடிக்கத்தான் செய்யும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது."

"தெரிஞ்சவங்க செஞ்சா மட்டும் என்ன வாழுது" என்றாள் அவள்.

டாக்டர் ஆபரேஷன் பண்ணி, காது நுனியை வெட்டி, மறுநாள் கூண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "எடுத்த எடத்துலயே கொண்டுபோய் விடுங்க. வேற எங்கயும் விட்டுடாதீங்க. அங்க இருக்கறதெல்லாம் சேர்ந்து கிழிச்சுடும். இன்னைக்கு இதால ஓடக்கூட முடியாது."

"தெரியும்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் டாக்டருக்குத் தப்பாக எதுவும் படவில்லை.

வாடகை வண்டி பிடித்து, ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் போகச் சொன்னாள். அதற்குப் பின்னால்தான் மீன் பெட்டிகள் கழுவுகிற இடம். நல்ல வெயில். பெட்டிக் குவியல்களின் நிழலில் பூனைகள் படுத்திருந்தன, எல்லாம் திமிர்த்த கழுத்தும் வெட்டுத் தழும்புமாக. வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தாள்.

முதலாளி வெளியே வந்தது. பின்னங்கால் துவண்டது. மேற்பார்வை நடையெல்லாம் எங்கோ போய்விட்டது. நிழலில் ஒவ்வொன்றாகத் தலைகள் எழும்பின. அது சுற்றிலும் பார்த்துவிட்டு, பின்வாங்கிப் பின்வாங்கி வந்து, அவள் கணுக்காலோடு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அது அவளைத் தொட்டதே இல்லை. அதன் விலா படபடவென்று அடித்துக்கொள்வது அவள் தோலில் தெரிந்தது. கன்னத்தில் புழு வைத்த இடத்தில் முடி முளைக்காமல் பளபளவென்று இருந்தது.

அவள் குனிந்து அதைத் தூக்கியிருக்கலாம். கூண்டு கையில்தான் இருந்தது, வண்டியும் நின்றுகொண்டிருந்தது.

காலை உருவிக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் பின்னால் அலறல் ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னம்மா, பூனை இப்படிக் கத்துது, உங்களுதா?" என்றார்.

"இல்ல. நீங்க போங்க."

மகன் தெரியாமல் செய்தான். அவள் தெரிந்தே செய்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இது ஒன்றுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. மாவு திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி சோறு வேகவைத்துச் சந்தில் வைத்தாள். வயிறு ஒட்டிப்போன கூட்டம் வந்து மொய்த்தது. சில நாளில் எங்கிருந்தோ மஞ்சள் கடுவன் ஒன்று வந்து, காலியாக இருந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. இருந்த மற்றவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், கதவைச் சாத்துவாள். கரிச்சட்டி அவள் கட்டிலுக்கடியிலேயே வாழ்ந்தது. அவள் கை நீட்டினால் சீறியது.

குழந்தை பிறந்துவிட்டது என்று மாடிவீட்டுக்காரிதான் சொன்னாள். சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நலம், எந்த ஆஸ்பத்திரி என்பதுவரை. அவள் பட்டறையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, தலைக்குக் குளித்து, பீரோவின் அடியில் இருந்த, பூனை படாத சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது' என்பதுதான் அது. அதற்குமேல் அவளுக்கு வாக்கியம் வரவில்லை.

அறைக்கதவு திறந்திருந்தது. மகன் ஜன்னலோரம் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். மருமகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் படுத்திருந்தாள். துணிச் சுருளில் மூடிய சின்னக் கண்ணும் ஒரு பக்கக் கன்னமும் மட்டும் தெரிந்தன.

"வாங்க அத்தை" என்றாள் மருமகள். குரல் முன்போலவே மெல்லிசுதான். "அங்கிருந்தே பாத்துக்கங்க. தொட வேண்டாம்."

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொன்னது எனக்கு இன்னும் மறக்கல. பிரசவ வலியிலகூட அதுதான் காதுல கேட்டுச்சு. பொறந்ததும் இதோட முகத்தைத்தான் மொதல்ல பாத்தேன், என்னைப் பிடிக்காம வந்திருக்கோன்னு. இப்போ நீங்க புதுசா ஒண்ணு சொன்னா, அதையும் நான் தூக்கிட்டுத் திரியணும்." குழந்தையின் நெற்றியில் இருந்த துணியைச் சரிசெய்தாள். "பாத்தாச்சுன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க. காத்து வருது."

மகன் திரும்பவில்லை. அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.

நேராகப் பட்டறைக்குத்தான் போனாள். மேஜையில் மெழுகு இறுகிக் கிடந்தது. விளக்கை ஏற்றிச் சூடாக்க ஆரம்பித்தாள். ஓனர் கையில் டீயோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பல்லக்கா, பாட்டியாயிட்டீங்க. என்ன குழந்தை?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அதைக் கேட்கவே இல்லை என்று. அவர்களும் சொல்லவில்லை.

"பொண்ணு" என்றாள்.

ஓனர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லப் போனார். அது பையன் என்பது பிறகு ஒரு நாள் மாடிவீட்டுக்காரி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்போதும் பட்டறையில் அவள் திருத்திச் சொல்லவில்லை. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், நல்லா இருக்கா என்பாள்.